பசிக்காத கீரி

ரப்பர் ஷீட் விற்ற சீட்டின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதிய கதை.
மூன்று சீட்டு, ஏழு அத்தியாயம்.
பொன்மனையில் கால்வாயோரம் ஒரு தாராக்கூடு.
அந்திக்கு முட்டை ஆறு, விடிந்தால் நாலு.
துப்பறிய வருகிறார் கீரியார்,
தொப்பிக்குப் பதில் பால் சிரட்டையைக் கவிழ்த்துக்கொண்டு.
குறிப்பெடுக்க ஒரு தவளை.
அது எழுதிய தாளெல்லாம் நனைந்திருக்கும்.

ஓணான் எதைக் கேட்டாலும் தலையாட்டியது,
ஆகவே அதன் வாக்குமூலம் தள்ளுபடி.
'அண்ணைக்கு நான் சட்டை மாத்திட்டு இருந்தேன்' என்றது சாரை.
உரித்த சட்டையைக் காட்டியது, ஈரம்கூடக் காயவில்லை.
ஆந்தை மட்டும்
'ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியல்ல' என்றது.

தடயம், வெட்டுமரத்தடியில் கவிழ்ந்த பால்.
உறையும் முன்னே யாரோ மிதித்திருக்கிறார்கள்.
ஒட்டுப்பாலில் ஐந்து விரல்.
கீரியார் நூல் பிடித்து
தோட்டத்துக் கால்களையெல்லாம் அளந்தார்.
ஏழாம் அத்தியாயத்தில் மரநாய் பிடிபட்டு அழுதது.
எழுதும்போது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது.
சுபம் போட்டேன். அதன் கீழே கோடும் போட்டேன்.

பெனிஷாவுக்கு ஒன்பது வயது.
எங்கள் வீட்டுத் தாரா மூன்றும் அவளுடையவை,
முட்டைக் காசு சைக்கிள் மணிக்கு.
ஒற்றைக் காலில் நின்று வாசித்தாள்.
முடித்துவிட்டு, விரலை நக்கி,
இரண்டாம் சீட்டுக்குத் திரும்பிப் போனாள்.
அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும்.

'அப்பா, ஆந்தைக்கு ராத்திரி கண்ணு தெரியும்லா?'
'அது வயசான ஆந்தை, மக்கா.'
'எல்லாருக்க காலையும் கீரி அளந்தாரு.
அவருக்க காலை யாரு அளந்தா?'
வெளியே மழை தொடங்கியது.
மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன்.
'ஏழு அத்தியாயம் ஓடுகாரு, வெயில்ல நிக்காரு.
ஒரு தடவைகூட அவருக்குப் பசிக்கல்லியே?'

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

சொல்லிவிடுகிறேன்.
சாயங்காலம் ஷீட்டோடு குலசேகரம் போகும்போது
சட்டைப் பையில் இரண்டு முட்டை, துண்டு சுற்றியபடி.
வேறெதற்கும் நான் அப்படிப் பள்ளம் பார்த்து வண்டி ஓட்டியதில்லை.
தட்டுக்கடை ஸ்டான்லி உடைத்து,
உள்ளியும் பச்சைமிளகும் கலக்கி
கல்லில் ஊற்றும்போது ஒரு சத்தம் வரும்.
அந்தச் சத்தத்துக்காக ஒருவன்
ஊமைப் பிராணி ஒன்றின் மேல் பழி போடுவான்.
வீட்டுக்கு வந்து, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்து,
பசியில்லை என்பான்.
போதாததற்கு அதைக் கதையாகவும் எழுதுவான்.

'நீங்களும் ரெண்டு வாரமாட்டு
ராத்திரி பசியில்லண்ணுதான் சொல்லுகிய' என்றாள்.
குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

நோட்டைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி
என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இரண்டு சுற்று.
எந்தத் தோட்டத்துப் பாலோ, நல்ல இறுக்கம்.
'பதினாறு முட்டை, ஒண்ணுக்குப் பத்து ரூபா,
நூத்தி அறுபது.'
'பதினாறில்ல, பதினெட்டு' என்றாள் ஷெர்லி,
அடுக்களையில் இருந்து, திரும்பிப் பார்க்காமலே.

ராத்திரி ஓட்டின்மேல் நடை கேட்டது,
யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.
இரண்டு வாரமாக
அவன் பெயரைத்தான் இந்த வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
எழுந்துபோய் மதிலின்மேல்
நாலு சக்கைச் சுளை வைத்தேன்.
முதுகில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

'யாருக்குப்பா அது?'

கையில் நோட்டும் வைத்திருந்தாள்.