துளைக்காவல்

என் வேலைக்கு இங்கே ஹோல் வாட்ச் என்று பெயர்.
ஊருக்கு போன் போட்டுச் சொன்னால் சிரிக்கிறார்கள்:
ஓட்டைக்குக் காவலா, எவன் திருடப்போகிறான்?

ஜுபைலுக்குத் தெற்கே கழிவு இறக்கும் களம்.
ஏழாம் எண் தொட்டி.
தோளைக் குறுக்கினால் ஓர் ஆள் நுழையும் வட்டவாய்.
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, விசில்,
நூல் கட்டிய பேனா, ஒரு தாள்.
பெயர். போன நேரம். வந்த நேரம்.
மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

மீட்டர் ஓயாமல் கத்துகிறதென்று ஒருநாள்
ஃபோர்மேன் அதற்குக் கையுறையை மாட்டிவிட்டார்.
நான் கழற்றினேன்.
மாட்டினார்.
கழற்றினேன்.
அந்த மாத ஓவர்டைமில் மூன்று மணி நேரத்தைக் காணவில்லை.

புதியவர்களிடம் சொல்வேன்:
அழுகிய முட்டை நாற்றமா, வெளியே வா.
நாற்றம் சட்டென்று நின்றுவிட்டதா,
அப்பாடா என்று மூச்சு விடாதே, ஓடி வா.
அது முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
எண்கள் நான்கும் ஒழுங்காகத்தான் இருந்தன.
சேற்றைக் கிளறினால்தான் அது எழும்.
மொஃபிசுலின் தாடையைக் காலையில் நான் தடவிப் பார்க்கவில்லை.
மூன்று நாள் முடி.
முகமூடி விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே
அவ்வளவு இடம் போதும்.

பதினொன்று நாற்பது. கயிற்றைச் சுண்டினேன்.
உள்ளிருந்து சுண்டல் திரும்பவில்லை.

விசில் கேட்டு மக்புல் ஓடி வந்தான், வெறும் முகத்தோடு.
உள்ளே கிடப்பது அவன் தம்பி.
இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.
காதைக் கடித்தான். அவன் மொழியில் என் தாயைத் திட்டினான்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
விடவில்லை நான்.
குழிக்குள் குதிக்கும் இரண்டாவது ஆள்
பெரும்பாலும் உறவுக்காரன்.

முக்காலியில் இன்பசேகர் கைப்பிடியைச் சுற்றினான்.
பல் பல்லாக, டிக், டிக்,
இவ்வளவு மெதுவாகவா ஒரு மனிதனைத் தூக்குவார்கள்.
மஞ்சள் தொப்பி வந்தது.
தோள் வந்தது.
கருப்பு வடியும் முழங்கால் வந்தது.

பதினொன்று நாற்பத்தாறு என்று எழுதினேன்.
ஆறு, பூஜ்யம் போல விழுந்தது.
மூச்சு இருந்தது.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து மொஃபிசுல் திரும்பினான்.
மீன்குழம்பு மணக்கவில்லை என்கிறான்,
சோப்பும் மணக்கவில்லை.
நாங்கள் எட்டுப் பேர் தூங்கும் அறையில்
அது வரம்தான் என்று யாரோ சொன்னார்கள்.
அவனும் சிரித்தான்.
மக்புல் என்னோடு பேசுவதில்லை.
பஸ்ஸில் நான் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.
காதில் தழும்பு இருக்கிறது, தொட்டால் தெரியும்.

இப்போது தாடைகளைத் தடவிப் பார்க்கிறேன்,
ஒவ்வொன்றாக, பின்கையால்.
முடி குத்தினால் திருப்பி அனுப்புகிறேன்.
நாவிதன் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கைப் பலகையில் அரபி, ஆங்கிலம், இந்தி.
கீழே தொட்டிச் சுவரில்
சாக்பீஸால் தமிழில் எழுதினேன்:
நாற்றம் நின்றால் ஓடு.
நேற்று அதற்கும் கீழே ஒரு வரி,
வங்காள எழுத்து.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
யார் எழுதியது என்று கேட்கவும் இல்லை.

கிறுக்கலை அழி என்றார் ஃபோர்மேன்.
சரி சார் என்றேன்.
நாற்காலியை நகர்த்தி அதன் முன்னால் போட்டு
உட்கார்ந்துகொண்டேன்.