ஏழு நூல்

வாலிநோக்கம் விலக்குக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
இடது பின்டயர் உட்கார்ந்துவிட்டது.
மணி மூன்றேகால்.
ஐஸுக்கு அடியில் எண்பது கிலோ நண்டு.
மூக்கையூரில் ஏற்றியது, ஏழுக்குள்
மண்டபம் கம்பெனித் தராசில் நிற்கவேண்டியது.

முன்சக்கரத்துக்குக் கல் அடை கொடுத்தேன்.
செல்போனைப் பல்லில் கடித்து
வெளிச்சத்தைக் கீழே திருப்பினேன்.
ஐந்து நட்டு.
கச்சான் காற்று மென்று துப்பிய ஐந்து நட்டு.

பெட்டியில் பதினேழு, பத்தொன்பது,
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
பத்தொன்பது ஏறவில்லை.
இருபத்தொன்று டக்கென்று பிடித்தது.
கைப்பிடியில் ஏறி நின்றேன், அறுபத்திரண்டு கிலோ நான்.
முதலாவது கீச்சிட்டுக் கழன்றது.
இரண்டு. மூன்று.
நாலாவதுக்கு என் மாமனாரைத் திட்டினேன்.
அவருக்கும் நட்டுக்கும் சம்பந்தமில்லை,
ஆனாலும் அசைந்தது.

ஐந்தாவதில்
இருபத்தொன்று கிட்டவே போகவில்லை.
இருபத்திரண்டு வாயில் நின்றது, தொண்டைக்குள் இறங்கவில்லை.
துரு என்று நினைத்துச் சுரண்டினேன்,
டீசல் தொட்டு வைத்தேன்,
சுத்தியலால் இரண்டு போட்டேன்.
மூலை மழுங்கினால் அப்புறம் உளிதான், வெல்டிங்தான்.
நிறுத்தினேன்.

நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
இது வழியில் எங்கோ ஏறிக்கொண்டது.
வண்டியை விற்றவன் பரமக்குடி மிளகாய் வியாபாரி.
மழை பெய்தால் இன்றைக்கும் பின்தொட்டியில் தும்மல் வரும்.
"எல்லாம் கம்பெனி ஐட்டம்க்கா,
ஒரு நட்டுகூட மாத்தல" என்றான்.
ஒரு நட்டுகூட!

சீட்டுக்கு அடியில் துழாவிய கையில்
நண்டு அளக்கும் காலிப்பர் தட்டுப்பட்டது.
ஓட்டின் இந்த முள்ளுக்கும் அந்த முள்ளுக்கும்
காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் பிளப்பது.
நட்டைக் கவ்வக் கொடுத்தேன்.
இருபத்திரண்டு,
அதற்குமேல் ஒரு மயிரிழை.
திருகை இறுக்கி
அந்த இடைவெளியை அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தேன்,
பிள்ளையை விட்டுவிட்டுக் கால் அளவை மட்டும்
செருப்புக்கடைக்குக் கொண்டுபோகிறவள் மாதிரி.

உப்பளத்தில் ஒரு பம்பு எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது.
வரப்பு காலடியில் நொறுங்கியது.
எஞ்சின் பார்க்கும் துல்கருணை
அந்நேரத்தில் ஒரு பொம்பளையையும் காலிப்பரையும் பார்த்து
முதலில் காலிப்பருக்குத்தான் பதில் சொன்னார்.
"இது மில்லியே இல்லக்கா. இஞ்சு.
ஏழு நூல்."
எண்ணெய்ச் சாக்குக்குள் கையை விட்டு
பார்க்காமலே ஒன்றை எடுத்தார்.
"பம்ப விட்டுட்டு வரமுடியாது.
கழட்டிட்டு, மாட்டிட்டு,
அந்த மைல்கல்லு மேல வச்சிட்டுப் போங்க."

ஏழு நூல்.
மாட்டியபோது சத்தமே இல்லை.
கைப்பிடியில் ஏறக்கூட இல்லை,
ஒரு காலை வைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்டெப்னி ஏறியது.
அதே நட்டை அதே இடத்தில் முடுக்கினேன்,
வேறு நட்டுக்கு எங்கே போக?
மைல்கல் மேல் சாக்கெட்,
பக்கத்தில் ஈரச்சாக்கில் ஒரு கிலோ நண்டு.
ஏர்வாடி தாண்டும்போதுதான் உறைத்தது:
இனி பஞ்சரானால்
சாவி உப்பளத்தில்,
பூட்டு என் சக்கரத்தில்.
உச்சிப்புளிவரை முப்பதுக்கு மேல் மிதிக்கவில்லை.
எதிரே வந்த ஒவ்வொரு ஆணியையும்
தார்ரோட்டில் நானே கற்பனை செய்துகொண்டேன்.

ஏழு பத்து.
ஐஸ் பாதி தண்ணீர்.
தரம் பிரிக்கிற நம்புச்செல்வி
என் காலிப்பரை வாங்கி, கிரீஸைப் பாவாடையில் துடைத்து,
திருகு இன்னும் இறுகியே இருப்பதைப் பார்த்து,
அந்த இருபத்திரண்டைக் கண்ணருகே வைத்துக் கேட்டாள்:
"இத்தினிக்கூண்டு நண்ட
எவன்க்கா பிடிச்சான்?"