சக்குபந்தி

இருட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள் அந்தப் பெண்.
"வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பொத்தானை அழுத்துங்க.
தெரியலன்னா சும்மா இருங்க."

சும்மா இருப்பது எனக்குக் கைவரவில்லை.
தெரிந்ததற்கு அழுத்தினேன்.
வந்திருக்கும் என்று தோன்றியதற்கும் அழுத்தினேன்.
"இல்லாததுக்கும் அழுத்துறீங்கம்மா" என்றாள்,
கோபமில்லாமல்.

பாடலீஸ்வரா,
முப்பது வருடமாய் உன் சந்நிதியில்
நான் செய்வதும் இதுதானோ?

பிறகு சொட்டு மருந்து.
கண்மணி விரிந்து
தவளக்குப்பம் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம்
பால் கொட்டியதுபோல் ஆயிற்று.
துணைக்கு யாரும் வரவில்லையா என்றார்கள்.
வெளியே நிற்கிறார் என்றேன்.

நரம்பு காய்கிறதாம்.
இத்தோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.
"மூணு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்" என்றார் டாக்டர்.
பார்ப்பது யார் என்று நான் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவள் நான்.
கஜபதி அய்யா சொல்லச் சொல்ல
வடக்கில் ஏழுமலையின் புஞ்சை,
தெற்கில் வண்டிப்பாதை,
கிழக்கில் ஓடை, மேற்கில் கோதண்டபாணி மனை,
இதற்கு மத்தியில் உள்ளது இன்னது என்று
ஊரார் மண்ணுக்கெல்லாம் எல்லை சொன்ன விரல்கள்.
கிராமம்: கரையேறவிட்டகுப்பம் என்று
எத்தனை முறை தட்டியிருப்பேன்,
யாரை, எந்தக் கரையில், யார் விட்டது
என்று ஒருநாளும் கையை நிறுத்தியதில்லை.
கல் மிதக்கும் என்று தெரிந்தா
அந்த மனிதர் கடலில் கிடந்தார்?

கடலூர் பஸ்.
ஜன்னல் கம்பி மட்டும் நிஜம்.
கன்னியகோவிலில் பாட்டில் உரசும் சத்தத்தோடு
ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
முள்ளோடையில் போலீஸ் ஏறியதும்
அவன் மூச்சு நின்றது.
இடுப்பில் ஒளித்திருப்பான்.
அவனும் ஏதோ சாமியைக் கூப்பிட்டிருப்பான்.
இரண்டு வேண்டுதலும் ஒரே டிக்கெட் விலையில்
ரெட்டிச்சாவடி தாண்டின.

விளையாட்டாய் உன் கண்ணைப் பொத்தினாளாமே அவள்,
உலகமே இருண்டதாமே.
அந்த இருட்டில் நீ என்ன செய்தாய்?
யாரைக் கூப்பிட்டாய்?
அப்புறம் அவள் ஊர் ஊராய் நடந்து
இடக்கண் துடித்த இடத்தில்
இங்கேதான் என்று நின்றுவிட்டாளாம்.
அவளுக்காவது துடித்தது.
எனக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

பெண்ணையாற்றுப் பாலம். காற்று மாறிவிட்டது.
தட், தட் என்று இணைப்புகள் காலுக்குக் கீழே எண்ணிக்கொண்டு வர
மனசுக்குள் ஒரு பத்திரம் எழுதத் தொடங்கினேன்.

காலஞ்சென்ற இரத்தினவேல் மனைவி, வயது நாற்பத்தேழு,
தையல்நாயகி ஆகிய நான்
என் முழு மனதுடன் என்று எழுதப் பார்த்தேன்.
பொய். அடித்துவிட்டேன்.
இருக்கிற மனதுடன்
உனக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்:

வில்லங்கம் உண்டு. மறைக்கவில்லை.
பயம் இருக்கிறது, ராத்திரியில் அதிகம்.
ஓசூரில் ஒரு மகள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
போன வாரம் உன்னைத் திட்டியதும்
கணக்கில் சேரும்.

சக்குபந்தி விவரம்:
கிழக்கில் கடல், இரைச்சல் கேட்கும் வரை.
மற்ற மூன்று எல்லையும் எனக்குத் தெரியவில்லை.
எழுதத் தெரிந்தவள்தான், ஆனாலும் தெரியவில்லை.
அந்த மூன்றையும் நீயே நிரப்பிக்கொள்.
வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போடாதே என்று
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறவள்
விட்டுவிட்டுப் போடுகிறேன்.
கையெழுத்துகூட இல்லை, கைநாட்டு.
இல்லாத வெளிச்சத்துக்கும் அழுத்திய
அதே கட்டைவிரல்.

சாட்சி: இடுப்பில் பாட்டிலோடு ஒருவன்.
பெயர் தெரியாது.

"பாப்புலியூர் எறங்கு, எறங்கு!"
கம்பியைத் தடவி வாசல்வரை வந்துவிட்டேன்.
அதற்கப்புறம் ஒரே வெள்ளை.
படி எங்கே இருக்கு தம்பி என்று
வாய்விட்டுக் கேட்டேன்.

"கீழதான்க்கா இருக்கு.
காலை வையி" என்றான் சாட்சி.