கடல் கேட்கவில்லை

கஸ்தூரியார் வீதி. மாடிப்படிக்குக் கீழே என் கடை.
குருநகர்ச் சவிரிமுத்து போனை மேசையில் வைத்தார்.
"கடலுக்க நிண்டு கதைச்சாலும்
மனுசி நம்புறா இல்லை.
காத்துமில்லை, அலையுமில்லை,
எந்தத் தவறணையில நிக்கிறியள் எண்டு கேக்கிறா."

பழுதில்லை.
உள்ளே நகக்கண் அளவு சில்லு
நொடிக்கு எண்ணாயிரம் தரம்
குரலைத் தொட்டுப் பார்க்கிறது;
குரல் அல்லாததைக் கழித்துவிடுகிறது.
அதற்குக் கடலும் இரைச்சல்தான்.

பின்பக்கம், இரண்டாவது மைக்கின் ஊசித்துளையில்
ஒரு துண்டு டேப் ஒட்டினேன்.
காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்.
"கடல் இப்ப நல்லாக் கேக்குதாம்.
நான் சொன்னதுதான்
ஒண்டும் விளங்கேல்லையாம்."

டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி
அரைத் துளை மட்டும் மூடினேன்.