எந்த டிசம்பர்

ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.
ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றேன்.
மணலி ரோட்டில் டிரெய்லர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன.
முனிரத்தினம் பனியனைக் கீழே இழுத்துவிட்டபடி ஓடிவந்தார்.
“இன்னாம்மா, ஏழுன்னியே.”
நான் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
ஜில்லென்று இருந்தது.
முன்னாடியே சூடாக்கி வைத்த டீசல் எஞ்சின்
பெண் பார்க்க வரும் நாளின் வீடு மாதிரி.
எந்த அலமாரியையும் திறக்க விடமாட்டார்கள்.

காசிமேட்டில் பதினாலு வருஷமாக
விசைப்படகுகளுக்கு நாசில் பார்க்கிறேன்.
காதுதான் என் சர்டிபிகேட்.
யார்டுப் பையன் ஜாபர் சாவியைத் திருப்பினான்.
இரண்டு இருமல். மூன்றாவதில் பிடித்தது.
வெள்ளைப் புகை வந்தது,
பால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் போயும்விட்டது.
போகாமல் நின்றிருந்தால் யோசித்திருப்பேன்.
நீலமாக வந்திருந்தால்
பர்ஸை ஜாக்கெட்டிலிருந்து எடுத்தே இருக்கமாட்டேன்.

ஆயில் மூடியைக் கழற்றி
அதன் வாய்மேலேயே கவிழ்த்து வைத்தேன்.
நடுங்கியது, துள்ளி விழவில்லை.
மீட்டர் அறுபத்து நாலாயிரம் என்றது.
கிளட்ச் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று வழுக்கை.
ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“டாக்டர் வண்டிம்மா. சிங்கிள் ஓனர். சோக்கா வெச்சிருந்தாரு.”

உரச்சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.
நேற்று அடித்த கறுப்பு பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டது.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனேன்,
டிங், டிங், டிங்,
பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும்
தொப்.
ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிற இடம் அது.
மூக்கை வைத்துப் பார்த்தேன்.
டாக்டர் வஞ்சிரம் ஏற்றியிருக்கிறார்.

எனக்கு நாலு சக்கரமும் வேண்டும்.
எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தாண்டை,
சாம்பலும் மணலும் சேறும் கலந்த பாதையில்
ஆட்டோக்காரர்கள் பாதியிலேயே இறக்கிவிடுவார்கள்.
மீதித் தூரம்
எரிபொருள் பம்ப்பை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு
நடந்தது போதும்.

தார் ரோட்டில் அந்தச் சின்ன லீவரைத் தொடக்கூடாது.
பக்கத்துக் காலி மனைக்கு ஓட்டிப் போனேன்.
லீவர் வரமாட்டேன் என்றது. பிறகு வந்தது.
முன்சக்கரங்கள் புழுதியைப் பிறாண்டின,
இத்தனை வருஷம் சும்மா கூடவே உருண்டவை
இப்போதுதான் வேலைக்கு எழுப்பப்பட்டதுபோல
முனகிக்கொண்டே.

எல்லாம் முடிந்தது என்று முனிரத்தினம் டீ வாங்க ஆள் அனுப்பினார்.
நான் டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தேன்.
ஒரு முழம், இரண்டு முழம்,
இனி வராது என்கிறவரை.
கடைசிச் சாணில் ஒரு கோடு.
அதற்கு அந்தப் பக்கம் பெல்ட் முழுக்கக் காவி நிறம்.
கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு பீரோவிலும்
இதே கோடு இருக்கிறது.
எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் திரும்பி வரும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.
“அது டிசம்பர்ல கொஞ்சம் தண்ணி...”
“எந்த டிசம்பர்?”

இந்த ஊரில் அதைக் கேட்டே ஆகவேண்டும்.
அவரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.
எண்ணும்போது அவர் வீட்டுக் கோடும்
அவர் கண்ணில் ஓடியிருக்கும்.
சிரித்துவிட்டார். நானும்தான்.
சிரிப்புக்காக விலையில் ஒரு பைசா ஏற்றவில்லை.

ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீக்கியிருந்தது.
சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்,
எழுத்துகள் நேராக எழுந்து வந்தன.
கண்ணாடியின் தூசியில் அவர் ஒரு தொகை எழுதினார்.
நான் அழித்து, ஒன்றே முக்கால் லட்சம் குறைத்து எழுதினேன்.

“சரி, எடுத்துக்க.”

முதல் டிரெய்லர் உறுமிக் கிளம்பியது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
இவ்வளவு சீக்கிரம் ஏன் சரியென்றார்?

ஜாபர் சுருட்டி வைத்திருந்த சாக்கைக் கேட்டு வாங்கினேன்.
மறுபடியும் படுத்தேன்.