திருப்பிக் கொடுத்த நிறங்கள்

பதினோரு நாளில் விற்றாக வேண்டும்.
கையில் எண்ணூறு டாலர்.
"சுவர், வெளிச்சம், வாசனை. அது போதும்"
என்றாள் தரகர் டார்லீன்,
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமல்.

தண்டர் பேயில் நவம்பர்.
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு.
வாடகை அறையிலிருந்து ஏணியோடு வந்தான் ஓஸ்மோ.
பிரிந்து ஏழு மாதம்.
பாகப் பட்டியலில் ஏணி அவனுக்கு,
ரோலர் எனக்கு.

கடைக் கோடியில் ஓர் அலமாரி:
யாரோ கலக்கச் சொல்லி,
வீட்டில் பூசிப் பார்த்து
முகம் சுளித்துத் திருப்பிய டப்பாக்கள்,
பாதி விலைக்கும் கீழே.
ஒன்று மோர். ஒன்று சாம்பல்.
இன்னொன்று பச்சையா என்றே தெரியவில்லை.
மூன்றையும் வாளியில் கொட்டி
உடைந்த ஹாக்கி மட்டையால் கலக்கினோம்.
வந்த நிறத்துக்குப் பெயரில்லை.
"தீர்ந்தால் மறுபடி கிடைக்காது, இர்யா.
சிக்கனமாய் இழு."
இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சொல்லி
நான் மறுபேச்சில்லாமல் கேட்டது
அது ஒன்றுதானோ என்னவோ.

குளியலறைக் குழாய்க்கு வாஷர் ஒன்றரை டாலர்.
ஒன்பது வருஷம் சொட்டியது.
ஒன்பது வருஷமும் "வருகிற சனிக்கிழமை" என்றான்.
சமையலறை ஜன்னல் விரிசலுக்கு
அட்டையை வைத்து ஒட்டியவள் நான்.
முன்பின் தெரியாத யாருக்காகவோ
ஒரே பகலில் இரண்டும் சரியாயின.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

படிவத்தில் பதினான்காம் கேள்வி:
கூரை எப்போதாவது ஒழுகியதுண்டா?
"ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்" என்று
டார்லீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கறையின் மேல் இரண்டு பூச்சு ஏற்கெனவே காய்ந்திருந்தது.
ஓஸ்மோ எழுதினான்:
ஆம். மார்ச், பனி உருகிய வாரம், பின் அறை.
எந்த மூலையில் எந்தப் பாத்திரம் வைத்தோம்
என்பதுவரை எழுதினான்.
"மூவாயிரம் போச்சு" என்றாள் அவள்.

நிலவறையில் சௌனா.
அதற்குள் ஆறு வருஷத்து
கிறிஸ்துமஸ் விளக்கு, தூண்டில், வரி ரசீது.
"காலி பண்ணுங்கள். இந்த ஊரில் அதற்குத்தான் விலை."
காலி பண்ணினோம்.
ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே.
கல் காய ஒரு மணி நேரம்.
உள்ளே ஆள் இருந்தால்தானே தெரியும்.
அவன் மேல் பலகையில், நான் கீழே,
இருவர் முழங்கையிலும் அந்தப் பெயரில்லாத நிறம்.
ஒரு அகப்பை தண்ணீர். கல் சீறியது.
வழக்கம்போல
அவனுக்குச் சூடு பற்றவில்லை,
எனக்கு அதிகம்.
"வேலை செய்கிறது" என்றான்
வெகுநேரம் கழித்து.
வெளியே வந்து பட்டியலில் டிக் போட்டான்.
விரல் ஈரத்தில் காகிதம் கிழிந்தது.

ஒன்பதாம் நாள் வந்த பெண்
கூடத்துச் சுவரைத் தடவிக் கேட்டாள்,
"இது என்ன நிறம்?"
நான் ஓஸ்மோவைப் பார்த்தேன்.
அவன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

வாளியில் அரை லிட்டர் மிச்சம்.
ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, இறுக மூடி,
நிலவறைப் படிக்கடியில் வைத்திருக்கிறேன்.
மூடியில் தேதி மட்டும்.
ஒன்றிரண்டு ஆணித் துளைக்குக் காணும்.