நடுக் கட்டம்

படிவத்தில் மூன்று கட்டம்.
பதினாலு வயது வரை ஒன்று,
அறுபதுக்கு மேல் ஒன்று,
நடுவில் அகலமாய் ஒன்று: உழைக்கும் வயது.
அச்சடித்தவர் அதற்குத்தான்
அள்ளி இடம் விட்டிருக்கிறார்.

பென்னாகரத்தில் பஸ் மாறி
ஏரியூர்ச் சாலையில் இறங்கும்போது மணி ஒன்பது.
என் பங்குக்கு அறுபத்திரண்டு வீடுகள்.
வீட்டுக்கு இருபத்தைந்து ரூபாய்,
பூட்டிய வீட்டுக்குப் பாதி.

முதல் தெருவில்
பூட்டுகளின் கம்பெனிப் பெயரை வாசித்துக்கொண்டே போனேன்.
ஏழாவது கதவில் பூட்டுகூட இல்லை.
ஆடு நுழையாதிருக்க ஒரு கயிறு.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"
"எந்த வீட்டுல?" என்றாள் பச்சியம்மா.
"இங்க ரெண்டு. பொம்மனஹள்ளியில மூணு.
ரேஷன் கார்டுல ஆறு,
செத்தவரு ஒருத்தர இன்னும் எடுக்கல."
ஆறு மாதம் தங்குபவரை மட்டும் எழுதுக
என்கிறது நான்காம் விதி.
இரண்டு என்று எழுதினேன்.
செத்தவரையும் பொம்மனஹள்ளியையும்
ஒரே கோட்டில் அடித்தேன்.

சின்னமாதுவின் வயதில்தான் மாட்டிக்கொண்டேன்.
பல் பிடுங்க மூன்று நாள் லீவில் வந்திருந்தார்.
ஆதாரில் அறுபத்தொன்று,
முதியோர் பணத்துக்காகத் திருத்தியது.
செக்யூரிட்டி அட்டையில் நாற்பத்தெட்டு.
மாரத்தஹள்ளி அபார்ட்மெண்டில்
ஐம்பது தாண்டியவரை வாசலில் நிறுத்தமாட்டார்களாம்.
"நிஜ வயசு?"
"ஆத்துல பெரிய தண்ணி வந்த வருஷம்."
"எந்தப் பெரிய தண்ணி?"
வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி யோசித்தார்.
மனைவியைப் பார்த்தார்.
"நீயே நல்லதா ஒண்ணு போட்டுக்கம்மா."

எதிர்வீட்டு ரஞ்சிதத்துக்குப்
பள்ளிக்கூடச் சான்றிதழில் பதினாறு,
ஓசூர் கம்பெனி ஹாஸ்டலில் பதினெட்டு.
அவள் அம்மா எதற்கும் ஒரு போன் போட்டாள்.
"பத்தொம்போதுன்னு சொல்லச் சொல்றா.
லைன் லீடர் ஆக்கப் போறாங்களாம்."

வேப்ப நிழலில் புளி தட்டிக்கொண்டிருந்த
கோவிந்திக்கு எழுபத்திரண்டு.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கடைசிக் கட்டத்தில் அவளுக்கு ஒரு கோடு போட்டேன்.
தொழில் என்ற இடத்தில்
அந்த வயதுக்கு நேராக
அச்சிலேயே ஒரு சிறு கோடு கிடந்தது.
கோவிந்தி ஓட்டை என் மேல் படாமல்
மறுபக்கம் திரும்பி உடைத்தாள்.

ஊர்க் கடைசியில் செங்கல் சூளை.
எட்டுத் தகரக் கொட்டகை, பத்தொன்பது பேர்.
ஒருவரும் இருபதுக்குக் கீழில்லை,
நாற்பதுக்கு மேலும் இல்லை.
காலையிலிருந்து தேடிய கட்டம்
ஈரமண் மிதித்துக்கொண்டு நின்றது.
பலாங்கீர் என்றார்கள்.
எத்தனை மாசம் இருப்பீங்க?
கைச்சாடையில் கேட்டேன்.
ஒருத்தி ஐந்து விரல் காட்டினாள்,
மண் காயாத ஐந்து விரல்.
நான்காம் விதிக்கு
ஆறாவதாய் ஒரு விரல் வேண்டும்.
அதை எந்தச் சாடையில் கேட்க?
தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டிப் பார்த்தேன்.
பூட்டு இருபத்தேழு.
நடுக் கட்டத்தில் முப்பத்தொன்று,
சின்னமாதுவைச் சேர்க்காமல்.
மேற்பார்வையாளர் எழில்வேந்தன் போனில் சிரித்தார்.
"இவ்ளோ கம்மியா? வெயிலுக்குப் பயந்து
எங்காவது உட்கார்ந்துட்டீங்களா?"
"ஓட்டுப் போடற அன்னிக்கு வந்து எண்ணணும் சார்,"
என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு
நாளைய தெருக்களைச் சொன்னார்.

இலக்கியம்பட்டியில் என் அறைக்கு வந்தபோது
ராத்திரி எட்டரை.
கதவில் சாக்பீஸ் எழுத்து,
எண் முப்பத்தெட்டு,
பக்கத்தில் பெருக்கல் குறி.
பகலில் யாரோ வந்து
எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அந்தக் குறியின் பொருள் எனக்குத் தெரியும்.
இன்றைக்கு இருபத்தேழு தடவை போட்டேன்.

யாருக்கோ பன்னிரண்டரை ரூபாய்.